கதிரையில் இருந்தே தொடங்கலாம்

"விழுந்திடுவியள், பேசாமல் இருங்கோ அம்மா" என்று பிள்ளை அன்பினால்தான் சொல்கிறது. ஆனால் எழும்பாமல் இருக்க இருக்கத் தொடைத் தசை மெலிகிறது. மெலிந்த கால்தான் முதலில் தடுமாறுகிறது. வாழைக்குக் கிடங்கு வெட்டி, குலை சுமந்து வாழ்ந்த யாழ்ப்பாணத்து நீர்வேலியின் மூத்தவர்களை விறாந்தைக் கதிரையோடு முடக்கிவிடுவது பராமரிப்பு ஆகாது.

இந்த வயதில் இனி என்ன பயிற்சி என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், பொஸ்ரன் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி 90 வயதான பத்துப்பேருக்கு எட்டு வாரம் முழங்காலை நீட்டி எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால்வலு சராசரியாக 174 வீதம் கூடியது. இருவர் ஊன்றுகோலையே விட்டார்கள்.

வீட்டில் இருந்தபடி செய்யும் பயிற்சிக்குச் சாய்மனைக் கதிரை உதவாது. வழுக்கும் பிளாஸ்ரிக் கதிரையும் வேண்டாம். கைபிடியுள்ள மரக்கதிரையைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். பாதம் முழுதாக நிலத்தில் பதியவேண்டும். குதிக்காலையும் விரல்களையும் மாறிமாறி உயர்த்துவது, ஒரு முழங்காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது, இருந்தபடியே நடப்பதுபோல் கால் தூக்குவது, தண்ணீர் நிரப்பிய சிறு போத்தலைக் கையால் உயர்த்துவது. தொடக்கத்துக்கு இவை போதும். மூச்சை அடக்கக்கூடாது, வாய்விட்டு எண்ணினால் அடங்காது. கொஞ்சம் வலு வந்ததும், ஒருவர் பக்கத்தில் நிற்க, கைபிடியை ஊன்றி எழும்பி இருக்கப் பழக்குங்கள். இதுதான் முக்கியம். இருந்தே செய்யும் பயிற்சி மட்டும் சமநிலையைத் தராது. சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல்.

இடுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்களும் எலும்பு தேய்ந்தவர்களும் வைத்தியரைக் கேளாமல் முன்னுக்குக் குனியவோ முறுகவோ கூடாது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர் வெறுவயிற்றில் தொடங்கக்கூடாது. பிரஷர் குளிசை எடுப்பவருக்கு எழும்பும்போது தலை சுற்றலாம். நெஞ்சு நோ, மூச்சுமுட்டு, வாய் கோணுதல் கண்டால் உடனே 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்சை அழையுங்கள். விழுந்தபின் கால் ஊன்ற ஏலாவிட்டாலும் அப்படித்தான். நோவெண்ணெய் தடவி இழுத்துப் பார்க்கவேண்டாம்.

அரச வைத்தியசாலையில் இயன்மருத்துவச் சிகிச்சை இலவசம். கிளினிக்குக்குப் போகும்போது "நடக்கப் பழக்கிவிடுங்கோ" என்று வாய்விட்டுக் கேளுங்கள். யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தேவையானால் வைத்தியர் தருவார். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, பெற்றோரை வேண்டுமென்றே கைவிடாமல் பார்ப்பது பிள்ளைகளின் கடமை. தம்மைப் பராமரிக்க இயலாத பெற்றோர் அந்தச் சட்டத்தின் கீழுள்ள பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் கோப்பாயிலுள்ள பிரதேச செயலகத்தில் முதியோர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரைக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் பிள்ளைகள், பராமரிக்க வருபவரிடம் அம்மா சாப்பிட்டாவா என்பதோடு இன்று எத்தனை தரம் எழும்பினா என்றும் விசாரியுங்கள்.