மாரியோ ஏன் முட்டிக்கொண்டான்?

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூஜெர்சியில் எங்கள் வீட்டு ஹாலில் அப்பா, அம்மா, மனைவி, நான் எல்லாரும் இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். 11 வயது மகன் லேப்டாப்பை டிவியோடு சேர்த்துவிட்டு, "தாத்தா, அஞ்சரை நிமிஷம்தான். ப்ளீஸ், முழுசா பாருங்க" என்றான்.

ஓடியது அவன் ஆடிப் பதிவு செய்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. 1985-ல் நிண்டெண்டோ வெளியிட்ட அதே பழைய ஆட்டம். அதை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோம் என்று கடிகாரம் வைத்து ஆடுவதற்குப் பெயர் ஸ்பீட்ரன். மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரம் பழகி, 5 நிமிடம் 31 விநாடிக்கு வந்திருந்தான். அந்த மூன்று மாதமும் அவன் ரூம் கதவைத் தாண்டும்போது நான் சொன்னதெல்லாம் "சூப்பர்டா, ஹோம்வொர்க் முடிச்சிட்டியா?" மட்டும்தான்.

வீடியோவில் பாதி வழி. மாரியோ ஒரு செங்கல் கட்டையில் பின்பக்கமாகப் போய் இடித்தான். அப்பா உச்சுக்கொட்டினார். "அடடா, முட்டிக்கிட்டான் பாரு! நல்லாத்தானே வந்தான்."

மகன் வீடியோவை நிறுத்தினான். லேப்டாப்பை மூடினான். மாடிக்குப் போய்விட்டான்.

அன்று ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அந்த முட்டல் தவறு இல்லை. மொத்த ஓட்டத்திலும் அவன் மிகவும் பெருமைப்பட்ட இடமே அதுதான். அதைப் பிடிக்க மட்டும் அவனுக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் மற்றது புரியும். இந்த ஆட்டத்தில் மொத்தம் 32 லெவல். குறுக்கு வழிக் குழாய்களில் புகுந்தால் எட்டு லெவல் ஆடினாலே போதும். நாலாம் உலகத்து இரண்டாம் லெவலில், அதை 4-2 என்பார்கள், எட்டாம் உலகத்துக்குப் போகும் வழி ஒரு கொடியில் ஏறினால் கிடைக்கும். ஏறுவதற்கு நேரம் ஆகும். அங்கேயே ஒரு குழாயும் உண்டு. அதில் இறங்கினால் வழக்கமாகக் காசு இருக்கும் அறைக்குத்தான் போவோம். ஆனால் குழாயும் கொடியும் எங்கே கொண்டு விடும் என்பதை இந்த ஆட்டம் தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. திரை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து ஒரே ஒரு முகவரியை மாற்றி மாற்றி எழுதிக்கொள்கிறது. மாரியோ கட்டையில் பின்பக்கமாக இடித்தால், திரை நகராமலே அவன் மட்டும் சில புள்ளிகள் முன்னால் தள்ளப்படுவான். அப்படியே குழாயில் இறங்கினால், கொடிக்கான பழைய முகவரி இன்னும் அழியாமல் இருக்கும். கொடி ஏறாமலே எட்டாம் உலகத்துக்குப் போய்விடலாம்.

இதெல்லாம் தெரிந்தவனுக்கு அது மூச்சை நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம். தெரியாதவருக்குப் பையன் சறுக்கிவிட்டான். ஸ்பீட்ரன் பதிவுகளின் முக்கியமான சிக்கலே இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கஷ்டமானது தவறு மாதிரி தெரியும். எதிரி தலைக்கு மேல் தாவுவது போன்ற சுலபமான விஷயம் பெரிய சாகசம் மாதிரி தெரியும்.

இந்த உலகத்துக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. 1997-ல் 'குவேக்' ஆட்டத்தை அதன் மிகக் கடினமான நிலையில் 19 நிமிடம் 49 விநாடியில் முடித்துக் காட்டிய பதிவு வந்த காலத்திலிருந்து, பார்ப்பவருக்கு எப்படிப் புரிய வைப்பது என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கிறது. 2010-லிருந்து நடக்கும் 'கேம்ஸ் டன் குவிக்' நிகழ்ச்சிகளில், புற்றுநோய்த் தடுப்பு மாதிரி நல்ல காரியங்களுக்குப் பணம் திரட்ட நாள் கணக்கில் விடாமல் ஆடுவார்கள். ஆடுபவருக்குப் பின்னால் ஒரு சோபா போட்டிருக்கும். அதில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் "இதோ இப்ப வரப்போகுது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். என்னைக் கேட்டால் அந்த நிகழ்ச்சியின் பாதி உயிர் அந்த சோபாவில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு வீடியோவில் அது இல்லை.

சரி, செய்துவிடலாம் என்று இறங்கினேன். நான் சாஃப்ட்வேர் ஆள். பிரச்சினை என்றால் இன்னொரு பெட்டியைத் திரையில் வை என்பதுதான் எங்கள் தொழில் புத்தி. ஓபிஎஸ்ஸில் ஆட்டத்தைச் சின்னதாக்கி, இடப்பக்கம் லைவ்ஸ்பிளிட் கடிகாரம், எட்டு லெவலுக்கும் எட்டு வரி, அதன் கீழே அவன் எந்தப் பட்டனை அமுக்குகிறான் என்று காட்டும் படம், மேலே லெவல் வரைபடம், அடியில் தமிழ் சப்டைட்டில் என்று ஒரு வாரம் உழைத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "உங்க ஆபீஸ் மானிட்டர் மாதிரியே இருக்கு" என்றாள். பாராட்டு என்று நினைத்தேன். இல்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "இதுல நான் எதடா பாக்கணும்?"

எல்லாவற்றையும் கழற்றினேன்.

வழி காட்டியது அப்பாதான். அவர் திருநெல்வேலிப் பக்கம். டிவி பார்த்து அல்ல, டிரான்சிஸ்டரில் தமிழ் வர்ணனை கேட்டே கிரிக்கெட்டைப் பழகியவர். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் குரலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். "எனக்கு மைதானமே தெரியாதுடா. ஆனா ஸ்கோர் என்ன, எத்தனை பந்து பாக்கி, யார் ஆடுதான், இது மூணும் எப்பவும் தெரியும். அது தெரிஞ்சா போதும், மிச்சத்த நம்ம மனசு பாத்துக்கும்."

அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். எட்டு வரிக் கடிகாரத்துக்குப் பதில் ஒரே ஒரு எண். தன் பழைய சிறந்த ஓட்டத்தை விட முந்தி இருந்தால் பச்சை, பிந்தினால் சிவப்பு. அதுதான் ஸ்கோர். பட்டன் படம் போயிற்று. அது ஆடுபவர்களுக்குத்தான் உதவும், பார்க்க வந்தவருக்கு வெறும் மினுக்கல்.

அடுத்தது, சாதாரண ஆள் ஆடினால் எப்படி இருக்கும் என்று முதலிலேயே காட்டுவது. இதற்கு என் மனைவியைப் பிடித்தோம். 4-2-ல் அவள் மூன்று முறை செத்து, நாலாவது முறை கொடியைக் கண்டுபிடித்து ஏறினாள். அதில் 20 விநாடியை வெட்டி முன்னால் ஒட்டினான் மகன். வேறு எந்த விளக்கத்தையும் விட இந்த 20 விநாடிதான் அதிகம் வேலை செய்தது. அம்மா நடக்கும் வழியைப் பார்த்துவிட்டால், மகன் எதைத் தாண்டிப் போகிறான் என்பது பார்ப்பவருக்குத் தானாகத் தெரிந்துவிடுகிறது. (அம்மா சாகும் இடத்தில் தங்கச்சி சிரிப்பதும் பதிவாகிவிட்டது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம்.)

ஓட்டத்தின் நடுவே நிறுத்தி விளக்கலாமா, ஸ்லோமோஷன் போடலாமா என்று எங்களுக்குள் ஒரு சண்டை. நான் போடலாம் என்றேன். மகன் முடியவே முடியாது என்றான். அவன் சொன்னதுதான் சரி. வேகம்தான் விஷயம் என்னும்போது அதை நாமே உடைத்தால் என்ன மிஞ்சும்? போதாததற்கு, வெட்டி ஒட்டிய பதிவு என்றாலே இந்த ஆட்களுக்குச் சந்தேகம் வரும். வெவ்வேறு ஓட்டங்களை ஒட்டி ஏமாற்றியவர்கள் உண்டு. அதனால் தரவரிசைக்கு அனுப்புகிற மூலப் பதிவைத் தொடவே கூடாது. வீட்டுக்காரர்களுக்கு வேறு ஒரு பிரதி. அதிலும் விளக்கம் எல்லாம் ஓட்டத்துக்கு முன்னால், ஸ்லோமோஷன் ரீப்ளே ஓட்டம் முடிந்த பிறகு. நடுவில் ஐந்தரை நிமிடமும் அவனுடையது.

வர்ணனைதான் கஷ்டமாக இருந்தது. ஆடும்போதே பேசு என்றால் வாய் நின்றுவிடும், அல்லது கை நின்றுவிடும். ஆட்டத்தின் சத்தம் ஒரு டிராக்கிலும் குரல் இன்னொரு டிராக்கிலும் இருக்கும்படி ஓபிஎஸ்ஸில் பிரித்துக்கொண்டோம். பதிவைப் பார்த்துக்கொண்டே பிறகு பேசி அந்த இரண்டாவது டிராக்கில் சேர்த்துவிடலாம். பிடிக்காவிட்டால் குரலை மட்டும் திரும்பச் செய்யலாம், ஆட்டம் கெடாது.

முதலில் ஆங்கிலத்தில் பேசினான். நன்றாகவே இருந்தது. ஆனால் கேட்க வேண்டியவருக்கு அந்த வேகத்து ஆங்கிலம் பிடிபடாது. தமிழில் சொல் என்றதும் முகம் சுருங்கியது. "அப்பா, ஃப்ரேம்ரூலுக்குத் தமிழ்ல என்ன?" எனக்கும் தெரியவில்லை. நான் எட்டு வயதில் இங்கே வந்தவன், என் தமிழே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளித் தமிழ். தாத்தாவிடம் போய்க் கேள் என்றேன்.

அவன் தாத்தாவிடம் சொன்னது இது. இந்த ஆட்டம் ஒரு விநாடிக்குச் சுமார் 60 படங்களைக் காட்டுகிறது. ஒரு லெவலை முடித்தாலும் உடனே அடுத்ததுக்கு விடாது. 21 படத்துக்கு ஒரு முறை, அதாவது விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமான நேரத்துக்கு ஒரு முறைதான் வழி திறக்கும். அதற்குள் எப்போது வந்தாலும் காத்திருந்து ஒன்றாகத்தான் போக வேண்டும். ஒரே ஒரு படம் பிந்தினால் முழு 21 போச்சு. கடைசி லெவலுக்கு மட்டும் இந்த விதி இல்லை.

அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். "ஏலே, இது ரயில்வே கேட்டு! வேகமா பைக்ல வந்தவனும் கேட்டுல நிப்பான், சைக்கிள்ல மெல்ல வந்தவனும் வந்து சேந்துக்கிடுவான். கேட்டு திறந்தா ரெண்டு பேரும் ஒண்ணா போவான்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது 'கேட்டு'. வர்ணனையிலும் அதுவேதான்: "இப்போ மாரியோ கொஞ்சம் ஸ்லோவா போகுது, பரவால்ல, கேட்டு இன்னும் மூடல." தாத்தா குறுக்கே வந்து, "போகுது இல்லடா, போறான். மாரியோ மாடா?" என்று திருத்தியதும் பதிவில் இருக்கிறது. உலக சாதனைக்காரர்கள் விநாடியில் நூறில் ஒரு பங்குக்கு ஏன் வருடக்கணக்கில் உயிரை விடுகிறார்கள் என்பதும் இந்தக் கேட்டால்தான் எனக்கே புரிந்தது. 2021 ஏப்ரலில் நிஃப்ட்ஸ்கி என்ற பெயரில் ஆடுபவர் முதன்முதலாக 4 நிமிடம் 55 விநாடிக்குக் கீழே இறங்கினார். இறங்கியது விநாடியில் இருபதில் ஒரு பங்குதான். இந்தக் கதையை என் அப்பா இப்போது கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்.

இனி ஒரு விஷயம், நான் சறுக்கியது. பார்ப்பவருக்கு ஆபத்து தெரிய வேண்டும் என்றால் தோல்விகளைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவன் கம்ப்யூட்டரில் 4-2 குழாய் தப்பிய பதிவுகள் குவிந்து கிடந்தன. அவனைக் கேட்காமலே ஒரு மாலையில் அவற்றை வரிசையாக ஒட்டி, கீழே பாட்டு வேறு போட்டுக் காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். "இத தாத்தா பாட்டி பாப்பாங்களா?" என்று கேட்டான். அவ்வளவுதான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் தன் அனுமதியோடு காட்டுவது வேறு, நான் எடுத்துக் காட்டுவது வேறு. அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவனே ஒரு வழியோடு வந்தான். திரையின் மூலையில் 'முயற்சி 412' என்று ஒரு எண். வேறு ஒன்றும் இல்லை. என் இரண்டு நிமிட ஒட்டு வீடியோ சொல்ல வந்ததை அந்த எண் சொல்லிவிட்டது. தோற்றதெல்லாம் அதில் இருக்கிறது, ஆனால் ஒருவர் கண்ணிலும் படாது.

மற்றபடி சின்னச் சின்ன வேலைகள். பழைய ஆட்டத்தின் சதுரமான படத்தை அகல டிவிக்காக இழுக்காதீர்கள், மாரியோ குண்டாகிவிடுவான். விநாடிக்கு 60 படமாகவே பதிவு செய்யுங்கள். 30 ஆக்கினால் சில பழைய ஆட்டங்களில் மினுங்கும் உருவங்கள் திரையிலிருந்தே காணாமல் போகும். யூடியூபில் ஏற்றினால் கீழே 0:00-லிருந்து நேரங்களை எழுதுங்கள், லெவல் வாரியாகத் தாவிப் பார்க்கலாம். எங்கள் வீடியோ என் கணக்கில், இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி இருக்கிறது. 11 வயதுக் குரலை ஊருக்கெல்லாம் திறந்துவிட எங்களுக்கு மனசு வரவில்லை.

மே மாதம் திரும்ப ஹாலில் போட்டோம். இந்த முறை என் தம்பி குடும்பமும் இருந்தது. தம்பி மனைவி நடுவில் எழுந்து காபி போடப் போய்விட்டாள். எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று இல்லை. 4-2 வந்தபோது அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மாரியோ பின்பக்கமாகப் போய் இடித்தான். "முட்டிட்டான்! முட்டிட்டான்லே!" என்று கையைத் தட்டினார். ஸ்கோர் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. மகன் டிவியைப் பார்க்கவில்லை, தாத்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அப்பாவிடமிருந்து போன் வருகிறது. என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு உடனே பையனிடம் கொடுக்கச் சொல்வார். மூன்று நாளுக்கு முன் அவன் 5 நிமிடம் 24 விநாடிக்கு வந்துவிட்டான். வர்ணனை இன்னும் பதிவு செய்யவில்லை. தாத்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்தான் செய்வேன் என்கிறான். அப்பாவுக்கு இந்த வாரம் முழங்கால் வலி. சனிக்கிழமை நான்தான் போய்க் காரில் கூட்டி வர வேண்டும்.