கூழாங்கல்லில் பூத்த தோட்டம்

மண் கிடையாது. ஊற்றிய தண்ணீர் தங்காது. ஒதுங்கி நிற்க ஒரு மரம் இல்லை. கடல் காற்று இரவு பகலாக உப்பை வாரி இறைக்கிறது. எதிரே அணுசக்தி மின்சார நிலையம் பூதம் போல நிற்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் பூந்தோட்டம் போட்டார்!

அதுவும் எப்போது? எய்ட்ஸ் நோய்க் கிருமி உடம்பில் புகுந்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு. அந்த நாளில் டாக்டர் அப்படிச் சொன்னால், நாள் குறித்துவிட்டார் என்றுதான் பொருள்.

அவர் பெயர் டெரிக் ஜார்மன். இங்கிலாந்தின் புகழ் பெற்ற சினிமா டைரக்டர்.

அவருடைய தோட்டத்தில் காசு கொடுத்து வாங்கிய அலங்காரப் பொருள் எதையும் காண்பது அரிது. கடல் கொண்டு வந்து போட்ட மரக்கட்டைகள், புயல் புரட்டிப் போட்ட கற்கள், துருப்பிடித்த சங்கிலிகள், யுத்த காலத்து இரும்புக் கம்பங்கள்... இப்படிப் பிறர் "எதற்கு உதவும்?" என்று எறிந்துவிட்டுப் போனவைதான் அங்கே அலங்காரம்.

கால் புதையும் கரை

இங்கிலாந்தின் தென்கிழக்கில் கென்ட் மாவட்டம் இருக்கிறது. அங்கே ஓரிடத்தில் நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனைக்கு டங்கனெஸ் என்று பெயர்.

கடற்கரை என்றதும் நமக்கு மணல்தான் நினைவுக்கு வரும். அங்கே மணல் அல்ல. கண்ணுக்கு எட்டிய வரை கூழாங்கல். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அலைகள் தள்ளித் தள்ளிக் குவித்த கற்கள். நடந்தால் கால் புதையும். முன் காலத்து மீனவர்கள் பாதத்தில் பலகையைக் கட்டிக்கொண்டு அதன்மேல் நடந்தார்களாம்!

வீடுகளும் விசித்திரமானவை. 1920-களில் ரெயில்வே ஊழியர்கள் பழைய ரெயில் பெட்டிகளை வாங்கி, இழுத்து வந்து போட்டு, அவற்றையே வீடாக்கிக் கொண்டார்கள். எறிந்த பொருளை எடுத்து ஆளும் வழக்கம் ஜார்மன் வருவதற்கு முன்பே அந்த ஊரில் இருந்தது என்று சொல்ல வேண்டும்.

"இங்கிலாந்தின் பாலைவனம்" என்று இந்த இடத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மை அல்ல. மழை பெய்யத்தான் செய்கிறது. பெய்த மழை கல் இடுக்கில் இறங்கி ஓடிவிடுகிறது. அதுதான் சங்கடம். அப்படியும் அந்தக் கல் காட்டில் சுமார் 600 வகைச் செடிகள் தாமாக வளர்வதாகத் தாவர ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

கறுப்பு வீடு, மஞ்சள் ஜன்னல்

1986-ம் ஆண்டு. படம் பிடிக்க இடம் தேடி நண்பர்களுடன் அந்தப் பக்கம் வந்தார் ஜார்மன். பசி எடுத்தது. மீன் வறுவல் சாப்பிடலாம் என்று டங்கனெஸ் பக்கம் வண்டியைத் திருப்பினார்கள்.

வழியில் ஒரு சிறிய மர வீடு. மீனவர் குடியிருந்த வீடு. பலகை முழுவதும் கறுப்புத் தார் பூச்சு. ஜன்னல் சட்டங்களுக்கு மட்டும் பளிச்சென்று மஞ்சள் வர்ணம். வாசலில் "விற்பனைக்கு" என்ற பலகை!

அதே ஆண்டில்தான் அவருடைய தகப்பனார் காலமாகியிருந்தார். அவர் விட்டுச் சென்ற பணம் கையில் இருந்தது. 32 ஆயிரம் பவுண்டு கொடுத்து வீட்டை வாங்கினார் ஜார்மன். "பிராஸ்பெக்ட் காட்டேஜ்" என்பது அந்த வீட்டின் பெயர்.

ஆண்டு முடிவதற்குள் இடி விழுந்தது. டிசம்பர் 22-ந் தேதி ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவருக்கு அப்போது வயது 44.

எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்கள் நடுங்கிய காலம் அது. நோயாளியின் பக்கத்தில் உட்காரவும் பயந்தார்கள். வந்தவர்கள் வாய் திறக்காமல் மறைத்தார்கள். ஜார்மன் மறைக்கவில்லை. தமக்கு நோய்க்கிருமி இருப்பதை ஊர் அறியச் சொன்னார். சிகிச்சைக்கும் சினிமாவுக்கும் லண்டன். மற்ற நாளெல்லாம் டங்கனெஸ் என்று ஆயிற்று.

ரோஜாவுக்கு ஒரு ஊன்றுகோல்

தோட்டம் போட வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு முதலில் இல்லை. கல்லைப் பார்த்தால் யாருக்குத்தான் அந்த எண்ணம் வரும்?

வாசலில் பழைய பாத்தி ஒன்று இருந்தது. உடைந்த செங்கல்லையும் கான்கிரீட் துண்டுகளையும் சுற்றி அடுக்கியிருந்தார்கள். ஒரு நாள் கடல் வற்றிய வேளையில் கரையோரமாக நடந்தபோது, நீளமான சிக்கிமுக்கிக் கல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. நல்ல அழகு. வீட்டுக்கு எடுத்து வந்தார். பாத்தியிலிருந்து ஒரு செங்கல்லைப் பிடுங்கினார். அந்த இடத்தில் கல்லை நட்டார்.

மறுநாள் இன்னொரு கல். அப்புறம் இன்னொன்று. அப்படிப்பட்ட கற்கள் எளிதில் அகப்படுவதில்லை. புயல் அடித்து ஓய்ந்த பிறகு சில புதிதாகத் தலை காட்டும். அதற்காகக் காத்திருந்து பொறுக்கினார். கொஞ்ச நாளில் செங்கல் எல்லாம் போய், வெள்ளையும் சாம்பல் நிறமுமாகக் கற்கள் பல் வரிசை போல நின்றன!

வீட்டின் பின்புறம் ஒரு காட்டு ரோஜாச் செடியை நட்டார். காற்றுக்குச் சாய்ந்துவிடாமல் இருக்க ஊன்றுகோல் வேண்டும். கரையில் ஒதுங்கிக் கிடந்த கோணல்மாணலான ஒரு கட்டையைக் கொண்டு வந்து நட்டார். அதன்மேல் ஓட்டைக் கல் மாலை ஒன்றையும் தொங்கவிட்டார்.

ஓட்டைக் கல் மாலை என்றால் என்ன? கடல் நீர் அரித்து அரித்துச் சில கற்களில் தானாக ஓட்டை விழுந்துவிடும். அவற்றைக் கயிற்றில் கோத்து வாசலிலும் படகிலும் தொங்கவிட்டால் கெட்ட சக்திகள் அண்டாது என்பது இங்கிலாந்துக் கடலோர மக்களின் பழைய நம்பிக்கை. நம் ஊரில் திருஷ்டிக்குப் படிகாரம் கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டையையும் கல் மாலைகளையும் பார்த்த அக்கம்பக்கத்தார் என்ன நினைத்தார்கள் தெரியுமா? அணுசக்தி நிலையத்தை ஒழித்துக்கட்ட இவர் ஏதோ மந்திரம் செய்கிறார் என்று! இதைப் பின்னால் ஜார்மனே வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

செடி பிழைத்தது எப்படி?

வேலை ஒன்றும் மந்திரம் அல்ல. பாடுதான்.

கல்லை விலக்கிக் குழி தோண்டினார். தோண்டத் தோண்டக் கல் சரிந்து விழும். அந்தக் குழியில் பக்கத்துப் பண்ணையிலிருந்து கொண்டு வந்த சாண எருவை நிரப்பினார். அதில் செடியை நட்டு, சுற்றிலும் மறுபடி கூழாங்கல்லைப் பரப்பினார்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. தண்ணீரைத் தங்கவிடாத அதே கல், மேலே பரப்பினால் காவலாளியாகிவிடுகிறது! வெயில் நேராக எருவில் படாது. அடியில் உள்ள ஈரம் சீக்கிரம் உலராது. களையும் அதிகம் முளைக்காது. வீட்டுத் தொட்டியில் பூச்செடி வளர்ப்பவர்கள் ஒரு கை கூழாங்கல்லை மண்மேல் பரப்பிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

எந்தச் செடியை நடுவது? ஜார்மன் அந்த மண்ணை, இல்லை, அந்தக் கல்லைப் பார்த்துப் பாடம் கற்றார். அங்கே தானாக வளர்வது எதுவோ அதற்கு முதல் இடம்.

அவற்றில் ராஜா, "சீ கேல்" என்ற கடற்கரைச் செடி. முட்டைக்கோஸ் இனம். தடித்த, மெழுகு பூசினாற்போன்ற இலைகள். ஆணி வேர் கல்லுக்குள் ஆழமாக இறங்கும். குளிர்காலத்தில் செடி மடிந்து மறைந்துவிடும். வசந்தத்தில் கல்லைத் தள்ளிக்கொண்டு ஊதா நிறக் குருத்து வெளியே வரும். பிறகு தேன் மணக்கும் வெள்ளைப் பூக்கள்.

அதற்குத் துணையாகக் கசகசா இனத்து மஞ்சள் பூச்செடி, சிவப்புப் பாப்பி, லவண்டர், வெளிறிய இலையுள்ள வேறு பல செடிகள். இலை ஏன் வெளிறியிருக்க வேண்டும்? வெயிலைத் திருப்பி அடிக்கவும், ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளவும் இயற்கை செய்த ஏற்பாடு அது. அவற்றில் ஒன்றுக்கு ஆங்கிலேயர் "கறிச் செடி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் கறிவேப்பிலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை; வாசனை மட்டும் கறிப்பொடி போல இருக்குமாம்.

செடிகளுக்கு நடுவே கரையில் பொறுக்கியவற்றை நிறுத்தினார். நங்கூரச் சங்கிலி, மீன் வலை மிதவை, மண்வெட்டியின் துருப்பிடித்த தலை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது எதிரி கரையேறாமல் தடுக்க முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். அந்த வேலியின் கம்பங்கள் திருகாணி போல முறுக்கியிருக்கும். யுத்தம் முடிந்து 40 ஆண்டுகளுக்குப் பிறகு அவை பூக்களுக்கு மத்தியில் வந்து நின்றன! காய்கறியும் கீரையும் போட, பழைய ரெயில்பாதைச் சிலிப்பர் கட்டைகளை அடுக்கி மேட்டுப்பாத்தி கட்டினார். தேனீப் பெட்டியும் வைத்தார்.

வீட்டு முன்புறம் வட்டம், சதுரம் என்று கோலம் போட்டாற்போல ஒழுங்கு. கூழாங்கற்களை நிறம் பிரித்துச் சாம்பல், வெள்ளை, சிவப்பு என்று வளையமாக அடுக்கினார். பின்புறத்தில் அந்த ஒழுங்கு கிடையாது. காற்று கொண்டு வந்து போட்டாற்போல எல்லாம் கலந்து கிடக்கும். சினிமாவுக்கு வருமுன் அரங்க அமைப்பில் கைதேர்ந்தவர் அல்லவா? கண் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்பது அவருக்குத் தெரியும். புல்தரை மட்டும் அவருக்கு அறவே பிடிக்காது.

வேலி என்று ஒன்று இல்லவே இல்லை. தோட்டம் எங்கே முடிகிறது, கடற்கரை எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த வசந்தம்

நாலு வயதுப் பிள்ளையாக இருந்தபோது பூச்செடி வளர்ப்பது பற்றிய புத்தகம் ஒன்றைப் பெற்றோர் ஜார்மனுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்த ஆசை அவரை விட்டுப் போகவில்லை. 1989-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஒரு டயரி எழுதத் தொடங்கினார். எந்தச் செடி துளிர்த்தது, எது காற்றில் கருகியது என்ற செய்திகளுக்கு நடுவே, நோயில் மடிந்த நண்பர்களைப் பற்றியும் எழுதினார். அந்த டயரி 1991-ல் "மாடர்ன் நேச்சர்" என்ற புத்தகமாக வந்தது.

1990-ல் காச நோயும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் படுத்தார். எழுந்து வந்தார். மறுபடி நட்டார். விதை போடுகிறவன் முளைக்கும் நாளை எதிர்பார்க்காமல் எப்படிப் போடுவான்? "எத்தனை நாள்?" என்று டாக்டரைக் கேட்க வேண்டிய மனிதர், "இந்தக் குருத்து எப்போது வரும்?" என்று கல்லைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பெத் சாட்டோ என்ற அம்மாள் நண்பருடன் அந்த வழியாக வந்தார். தோட்டக் கலையில் இங்கிலாந்து முழுவதும் பெயர் பெற்றவர். கல்லில் பூத்த பூக்களைக் கண்டு நின்றுவிட்டார். பின்னால் அந்த அம்மாள் எசெக்ஸ் மாவட்டத்தில், கார்கள் நிறுத்திய பழைய இடத்தில் சரளைக்கல் தோட்டம் ஒன்றை அமைத்தார். செடிகள் வேர் பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றுவதில்லை என்பது அந்தத் தோட்டத்தின் விதி!

ஜார்மனுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. நிறங்களுக்காகவே வாழ்ந்தவருக்கு இதைவிடக் கொடுமை வேறு என்ன? 1993-ல் "ப்ளூ" என்ற படத்தை எடுத்தார். முதலிலிருந்து கடைசி வரை திரையில் நீல நிறம் மட்டும். பேச்சும் இசையும் கேட்கும். கல் சுமக்கவும் குழி தோண்டவும் உடம்பில் தெம்பு இல்லாதபோது நண்பர்கள் கை கொடுத்தார்கள்.

1994-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி அவர் காலமானார். வயது 52. பக்கத்தில் உள்ள ஓல்டு ராம்னி கிராமத்து மாதா கோவில் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். தோட்டத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் மறு ஆண்டு வெளிவந்தது.

பத்து வாரம்

வீடும் தோட்டமும் அவருடைய வாழ்க்கைத் துணைவர் கீத் காலின்ஸ் பொறுப்பில் வந்தன. அவர் 24 ஆண்டுகள் அவற்றைக் கண்போலக் காத்தார். 2018-ல் அவரும் காலமானார்.

வீடு விலைக்குப் போகும் நிலை வந்தது. வாங்குகிறவர் கல்லைப் பெயர்த்து எறிந்துவிட்டுக் கார் நிறுத்த இடம் கட்டினால் யார் கேட்பது?

2020-ம் ஆண்டு தொடக்கத்தில் "ஆர்ட் ஃபண்ட்" என்ற கலைநிதி நிறுவனம் பொதுமக்களிடம் கையேந்தியது. கேட்ட தொகை 35 லட்சம் பவுண்டு. கெடு மார்ச் 31. அந்த மார்ச்சில்தான் கொரோனா வந்து நாட்டையே வீட்டுக்குள் பூட்டியது. அப்படியும் 8 ஆயிரம் பேருக்கு மேல் பணம் அனுப்பினார்கள். பத்து வாரத்தில் கேட்டதற்கு மேலேயே சேர்ந்துவிட்டது!

இப்போது "கிரியேட்டிவ் ஃபோக்ஸ்டன்" என்ற கலை அமைப்பு அந்த வீட்டைப் பராமரிக்கிறது. எதிரே இருந்த அணுசக்தி நிலையத்தின் உலைகள் நின்றுவிட்டன. ஒன்று 2006-ல் ஓய்ந்தது. மற்றொன்றை 2018-ல் நிறுத்தியவர்கள் பிறகு ஓட்டவே இல்லை.

குளிர்காலத்தில் போனால் அங்கே பூ இருக்காது. கல்லும், துருவும், நட்டு வைத்த கட்டைகளும்தான் தெரியும். எந்த இடத்தில் செடி தூங்குகிறது, எங்கே கால் வைக்கக் கூடாது என்பதற்கு அந்தக் கட்டைகள்தான் அடையாளம்.