மோட்டார் சைக்கிளில் மடிக்கணினி

காலை எட்டரை மணிக்கு வாகட் பாலத்தருகே ஐந்து நிமிஷம் நின்று பார்க்கும் அன்பர்கள், பிம்ப்ரி, சிஞ்ச்வட் பக்கங்களிலிருந்து ஹிஞ்சவடியை நோக்கி மோட்டார் சைக்கிள்கள் எறும்புச் சாரை போல் ஊர்ந்து செல்வதைக் காணலாம். பெரும்பாலானவற்றில் ஒரு கறுப்புப் பை இருக்கும். சிலர் அதை முதுகில் சுமந்திருப்பர். சிலர் கைக்குழந்தையை அணைப்பது போல மார்பின்மேல் மாட்டியிருப்பர். இன்னும் சிலர் பெட்ரோல் டாங்கின்மேல் கிடத்தி இரு தொடைகளாலும் இடுக்கியிருப்பர். பைக்குள்ளே இருப்பது மடிக்கணினி. வீட்டில் எல்லோரும் லாப்டாப் என்று சொல்வது.

சென்ற தலைமுறையில் நம்மவர்கள் சிலர் கட்கியிலும் தேஹு ரோட்டிலும் உள்ள ராணுவத் தொழிற்சாலைகளுக்குச் சைக்கிளில் சென்றனர். கைப்பிடியில் சாப்பாட்டுத் தூக்கு தொங்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ரசம் சிந்தும், நஷ்டம் அவ்வளவே. அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று சுமந்து செல்லும் பண்டம் அப்படிப்பட்டதன்று. அதன் விலை சில குடும்பங்களில் இரண்டு மாதச் சம்பளம். அதனுள்ளே இருக்கும் எழுத்துக்கும் கணக்குக்கும் விலை போட முடியாது. போதாக்குறைக்கு, பலருடைய மடிக்கணினி அவர்களுக்குச் சொந்தமானதே அன்று, கம்பெனி கொடுத்தது. அதற்கு ஏதேனும் நேர்ந்தால் என்ன பதில் சொல்வது என்ற அச்சம் ஓட்டுகிறவர் மனத்தில் ஓயாமல் இருந்துகொண்டிருக்கிறது. அந்த அச்சத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு மழைக்காலத்தில் நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், பெயர் வேண்டாம், புறவழிச்சாலையை ஒட்டிய சர்வீஸ் சாலையில் வந்துகொண்டிருந்தார். பையை டாங்கின்மேல் கிடத்தி அதன் வாரை ஒரு தோளில் மாட்டியிருந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வேகம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இராது. வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பை இடப்புறம் சரிந்தது. அவர் இடக்கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துப் பையைப் பிடித்தார். அதே கணத்தில் வலக்கை முன் பிரேக்கை அழுத்திவிட்டது. ஈரச் சாலையில், ஒரு கையால் மட்டும் பிடித்த வண்டியின் முன்சக்கரம் எங்ஙனம் நிற்கும்? வழுக்கி விழுந்தார். விழும்போதும் பையை விட்டாரில்லை. இடக்கை மணிக்கட்டு முறிந்தது.

நாம் ஆஸ்பத்திரிக்குச் சென்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, லாப்டாப் ஆன் ஆகிறதா, பார்த்தீர்களா?" என்பதுதான். பக்கத்தில் அமர்ந்திருந்த அவருடைய தாயார், "கை ஒடிஞ்சு கெடக்கு, இவன் பொட்டியைக் கேக்கறான் பாருங்க தம்பி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மடிக்கணினிக்கு மூலையில் ஒரு நெளிவு மட்டுமே. கம்பெனி மூன்றாம் நாளே வேறொன்றைக் கொடுத்துவிட்டது. மாவுக்கட்டு ஆறு வாரம் இருந்தது.

ஆகவே மடிக்கணினியைக் காப்பது எப்படி என்று எழுதப் புகுந்த நாம், ஓட்டுகிறவர் அதை மறந்துவிட்டு ஓட்டும்படி வைப்பது எப்படி என்று எழுத வேண்டியவர்களாகிறோம். கையால் பிடித்துக்கொள்ள வேண்டியதாகவோ, அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டியதாகவோ உள்ள எந்த இடமும் தகுந்த இடமன்று.

டாங்க் அப்படிப்பட்ட இடம். வண்டியைத் திருப்பும்போது கைப்பிடிக்கும் டாங்குக்கும் நடுவே பை அகப்பட்டுக்கொள்ளும். கீழே எஞ்சினின் சூடு, மேலே வெயில். டாங்கின்மேல் காந்தத்தால் ஒட்டி நிற்கும் பைகளும் கடைகளில் கிடைக்கின்றன. மூடி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைப் பல மடிக்கணினிகள் ஒரு சிறு காந்தத்தைக் கொண்டே அறிகின்றன. ஆதலால் அத்தகைய பைகளில் மடிக்கணினியை வைக்காமலிருப்பது நல்லது. மார்பின்மேல் மாட்டுவதும் சரியன்று. விழ நேர்ந்தால் பையின் விளிம்பு விலா எலும்புக்கும் கைப்பிடிக்கும் இடையே சிக்கும்.

பின் ஆசனத்தில் கொக்கியுள்ள ரப்பர் கயிற்றால் கட்டிச் செல்வோர் உண்டு. அந்தக் கயிறு குறுக்கே இறுகும் இடம் மூடியின் நடுப்பகுதி. அதன் அடியில் இருப்பது மெல்லிய திரை. கயிற்றைத் தளர்த்தினால் பை நழுவும். பின்னால் நழுவுவது ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. தொங்கும் வார் சங்கிலியிலோ சக்கரத்துக் கம்பிகளிலோ சிக்கினால் சக்கரம் சட்டென்று இறுகி நின்றுவிடும். புடைவைத் தலைப்பாலும் துப்பட்டாவாலும் நிகழும் விபத்துக்களைப் பற்றி நேயர்கள் கேள்வியுற்றிருப்பர். பை வாரும் அதே வேலையைச் செய்யும். பக்கவாட்டில் பை மாட்டுவதற்காகப் பின்சக்கரத்தை மறைக்கும் புடைவைக் காப்பைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள் சிலர். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்கிறது. வீட்டுப் பெண்மக்கள் பின்னால் அமர்ந்து செல்லும் வண்டியில் அதன்மேல் கைவைக்கலாகாது. வலப்புறம் பை மாட்டினாலோ, புகைக்குழாயின் சூடு பையைப் பதம் பார்க்கும்.

வண்டியின் பின்கோடியில் பொருத்தும் பெட்டியைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். மழைக்கும் திருட்டுக்கும் அது நல்லதே. ஆயினும் ரயிலில் பிரயாணம் செய்யும் அன்பர்களுக்கு ஒன்று தெரியும்: பெட்டியின் நடுவே அமர்ந்தவருக்குக் குலுக்கல் குறைவு, கோடியில் அமர்ந்தவருக்கு அதிகம். மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியும் சக்கர அச்சுக்கு அப்பால் தள்ளி நிற்பது. பள்ளத்தில் இறங்கும்போது ஆசனத்தைக் காட்டிலும் அதிகமாக எகிறும். அதில் வைத்தே தீரவேண்டுமானால் அடியிலும் சுற்றிலும் நுரைப்பஞ்சு இட்டு, மடிக்கணினி சிறிதும் ஆடாதபடி வைக்க வேண்டும். வெயிலில் நிறுத்தும் பெட்டிக்குள் விட்டுச் செல்லவும் கூடாது. அதன் பாட்டரி லித்தியம்-அயான் வகை. சூடு அதற்கு ஜன்ம சத்துரு.

எஞ்சியிருப்பது முதுகு. மனிதனுடைய இடுப்பும் முதுகும் தொடையும் சேர்ந்து அதிர்ச்சியைத் தாங்குவது போல எந்த ஸ்பிரிங்கும் தாங்குவதில்லை. பள்ளத்தில் வண்டி எகிறும்போது உடம்பு தானாகவே வளைந்து கொடுக்கிறது. முதுகில் உள்ள பண்டத்துக்கு அந்த அடியில் ஒரு பகுதிதான் எட்டுகிறது. ஒன்றரையிலிருந்து இரண்டரைக் கிலோ எடையைச் சுமப்பது பெரிய பாரமும் அன்று. 1981-இல் வெளிவந்த ஆஸ்பார்ன் 1 என்ற எடுத்துச் செல்லும் கணினி ஏறக்குறைய 11 கிலோ! அதை யாரும் மோட்டார் சைக்கிளில் சுமந்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

இரண்டு வார்களும் இரண்டு தோள்களில் இருக்க வேண்டும்; ஒரு தோளில் தொங்கவிடும் பை வளைவில் சுழன்று முன்னால் வந்துவிடும். மார்புக்குக் குறுக்கே மாட்டும் வார் இருந்தால் அதையும் மாட்டுக. பூட்டு, ஸ்பானர், எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா முதலியவை அந்தப் பையில் இருத்தல் ஆகாது. விழுந்தால் அவை முதுகெலும்பில் பதியும். பின்னால் ஒருவர் அமர்ந்திருந்தால் பை இருவருக்கும் இடையே நசுங்கும். அப்பொழுது அதைப் பின்னால் இருப்பவர் தம் முதுகில் மாட்டிக்கொள்வதே மேல்.

இனிப் பையைப் பற்றி. நாம் சில ஆண்டுகளாகப் பார்சல் ஆபீசில் எழுத்து வேலை பார்த்து வருகிறோம். உடைந்த சாமான்களுக்கு நஷ்டஈடு கேட்டு வருவோரின் மனுக்களைப் படித்துப் படித்து இரண்டு விஷயங்கள் மனத்தில் பதிந்திருக்கின்றன. ஒன்று, கெட்டியாகக் கட்டிய சாமானைவிடத் தளர்வாகக் கட்டிய சாமானே உடைகிறது. பெட்டிக்குள் ஓர் அங்குலம் இடம் இருந்தால், அந்த ஓர் அங்குலத்திலும் பண்டம் ஓடி ஓடி மோதுகிறது. மற்றொன்று, ரயில் ஓடும்போது உடைவதைவிட, ஏற்றும்போதும் இறக்கும்போதும் உடைவதே அதிகம். மடிக்கணினியும் இப்படித்தான். நாற்பது நிமிஷம் சாலையில் பத்திரமாக வந்த பையை, ஆபீஸ் நாற்காலி அருகே "டொம்" என்று தரையில் போடுகிறார்கள். அடி முழுவதும் கீழ்மூலையில் விழுகிறது.

ஆகவே கடையில் பை வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றே. மடிக்கணினி வைக்கும் உள்ளறையின் அடிப்பாகம், பையின் அடிப்பாகத்தைத் தொடாமல் இரண்டு விரற்கடை உயர்ந்து நிற்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். அப்படி இல்லையேல் அடியில் ஒரு மடித்த துண்டை வைத்துக்கொள்ளலாம், செலவில்லை. மின்னேற்றும் சார்ஜரை மூடியின்மேல் அழுந்தும்படி வைப்பதனால் எத்தனையோ திரைகள் கீறல் விட்டிருக்கின்றன. அதற்கு வெளியறை இருக்கிறது.

"ராணுவத் தரம்" என்ற சீட்டை ஒட்டி விற்கும் மடிக்கணினிகளைக் கண்டு மயங்க வேண்டாம். எம்.ஐ.எல்.-எஸ்.டி.டி.-810 என்னும் அமெரிக்க ராணுவச் சோதனை முறையில் 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போட்டுப் பார்ப்பது ஒரு பகுதி. அந்த 26 முறையையும் ஐந்து மாதிரிகளுக்குப் பங்கிட்டுக்கொள்ள அம்முறையே இடங்கொடுக்கிறது. ஓடும் வண்டியிலிருந்து தார்ச்சாலையில் விழுவது வேறு விஷயம்.

பழைய மடிக்கணினிகளில் சுழலும் தட்டுகள் கொண்ட ஹார்ட் டிஸ்க் இருக்கும். அவற்றில் பலவற்றின் தட்டு நிமிஷத்துக்கு 5,400 முறை சுழல்வது. அதன்மேல் மயிரிழையிலும் மிக மெல்லிய இடைவெளியில் படிக்கும் முனை மிதக்கிறது. சுழலும்போது குலுங்கினால் முனை தட்டைக் கீறும். நிறுத்திவிட்டால் முனை ஒதுங்கி நின்றுவிடும். புதியவற்றில் உள்ள எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. எதுவாயினும், மூடியை மட்டும் மூடி உறங்கு நிலையில் பையில் போடாமல் முழுவதும் நிறுத்தி வைப்பதே முறை. உறங்கு நிலையில் உள்ளது சில சமயம் தானே விழித்து, பைக்குள் மூச்சு முட்டிச் சுடுகிறது. இடையே ஒன்று: கைபேசியைக் கைப்பிடியில் மாட்டி வழி பார்க்கும் அன்பர்கள், சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு தம் கைபேசியின் காமிராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021 செப்டம்பரில் எச்சரித்ததை நினைவில் கொள்க.

பூனா மழையைப் பற்றி நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பைக்கு மேலுறை போடுகிறோம். அந்த மேலுறை பையின் வெளிப்புறத்தை மூடுமே அன்றி, முதுகை ஒட்டிய பக்கத்தை மூடுவதில்லை. கழுத்து வழியாக இறங்கும் நீர் முதுகில் ஓடி, அந்தப் பக்கமாகவே உள்ளே புகுகிறது. மடிக்கணினியின் அறையும் அங்கேதான் இருக்கிறது. இதற்குப் பரிகாரம் ஜவுளிக் கடையில் கொடுக்கும் கெட்டியான பிளாஸ்டிக் பை. அதில் மடிக்கணினியை இட்டு, வாயை இரண்டு மடிப்பு மடித்து, மடிப்பு மேலே இருக்கும்படி வைத்தால் போதும். ஆபீசை அடைந்ததும் அதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் மீறி நனைந்துவிட்டால், "வேலை செய்கிறதா" என்று பொத்தானை அமுக்கிப் பார்ப்பதுதான் பெரும் பிழை. நீரால் கெடாததும் மின்சாரம் பாய்ந்ததும் கெடும். சார்ஜரை மாட்டாமல், நீர் வடியும்படி சாய்த்து வைத்து, பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்க. அரிசிப் பானைக்குள் புதைப்பதால் பயனில்லை. அரிசித் தூள்தான் துவாரங்களில் ஏறும். பலமாகக் கீழே விழுந்த மடிக்கணினியின் அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, காரணமின்றிச் சுட்டாலோ, மருந்து நாற்றம் போன்ற வாடை வந்தாலோ, அதை வீட்டுக்குள் கட்டிலின்மேல் வைத்து மின்னேற்ற வேண்டாம். அடிபட்ட லித்தியம் பாட்டரி தீப்பிடிப்பது உண்டு.

மறுபடியும் அந்த இளைஞரிடம் வருவோம். கட்டுப் பிரித்த பிறகு அவர் செய்த காரியங்கள் இரண்டு. மடிக்கணினியில் உள்ளவற்றின் நகல் ஒவ்வொரு மாலையும் கம்பெனியின் கணினியில் சேரும்படி ஏற்பாடு செய்துகொண்டார். பிறகு, சாலை விபத்தில் மடிக்கணினி உடைந்தால் யார் பொறுப்பு என்று ஆபீசில் எழுத்து மூலம் கேட்டார். விபத்தால் வரும் சேதத்துக்கு ஊழியரிடம் பிடித்தம் இல்லை என்று பதில் வந்தது. வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாக அதைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. இப்பொழுது முதுகுப்பையோடுதான் போகிறார். காலையில் அவருடைய தாயார் வாசலுக்கு வந்து இரண்டு வார்களையும் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். அதன் பிறகே வண்டி புறப்படுகிறது.