ஆறா, ஏழா?

சிவகாசி அச்சகங்களில் காலண்டர், பட்டாசு லேபிளோடு சீட்டுக்கட்டும் அச்சாகிறது. சூலக்கரை, விருதுநகர் பக்கம் சீட்டு என்றால் ரம்மிதான். பிரிட்ஜ் ஆடுகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ஏலம் கேட்டு ஆடும் இருபத்தெட்டு தெரிந்தவருக்குப் பிரிட்ஜ் பாதி புரிந்த மாதிரி. எத்தனை பிடி எடுப்பேன் என்று முதலில் கேட்க வேண்டும், பிறகு எடுத்துக் காட்ட வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு, மொத்தம் 13 பிடி. கேட்கும் எண்ணோடு ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும்: ஆறு கேட்டால் 12 பிடி எடுக்க வேண்டும். அது ஸ்மால் ஸ்லாம். ஏழு கேட்டால் 13-ம் வேண்டும்; அது கிராண்ட் ஸ்லாம். ஒன்று நழுவினாலும் போச்சு.

ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகள் 63,501 கோடிக்கும் மேல். இதில் அதிர்ஷ்டம்தானே ஆள்கிறது என்று தோன்றும். அதனால்தான் அணிப் போட்டியில் ஒரே சீட்டுகளை இரண்டு மேஜைகளில் ஆட வைக்கிறார்கள். அங்கே உங்கள் அணியின் இன்னொரு ஜோடி எதிரணியின் இடத்தில் இருக்கும். கணக்கில் வருவது இரு மேஜைகளின் வித்தியாசம் மட்டுமே. அதை 'இம்ப்' என்ற அளவாக மாற்றுவார்கள். 2015-ல் சென்னையில் நடந்த உலகப் போட்டியில் போலந்து பெர்முடா கோப்பையை வென்றதும் இந்த முறையில்தான்.

ஸ்பேடு துருப்பு என்று வைத்துக்கொள்வோம். போனஸும் அபராதமும் குறைவான 'வல்னரபிள் அல்லாத' நிலை. ஆறு கேட்டு 12 பிடித்தால் 980 பாயிண்ட், 13 பிடித்தால் 1,010. ஏழு கேட்டு ஜெயித்தால் 1,510. ஒன்று குறைந்தால் 50 நஷ்டம். மற்ற மேஜையில் ஆறோடு நின்றிருந்தால், உங்கள் ஏழு பலித்தால் 500 பாயிண்ட் லாபம், அதாவது 11 இம்ப். பலிக்காவிட்டால் 1,030 போகும், 14 இம்ப். 25-ல் 14: வெற்றி வாய்ப்பு 56 சதவீதத்தைத் தாண்டினால் கேட்கலாம்.

இந்த 56 வெறும் எண்ணல்ல. துருப்பில் ஏஸும் கிங்கும் சேர்த்து இருவர் கையிலும் 9 சீட்டு, குயின் மட்டும் எதிராளியிடம் என்றால், மேலிருந்து இரண்டு சுற்று அடித்து அதை விழவைக்கும் வாய்ப்பு சுமார் 53 சதவீதம். மற்ற இனங்களில் ஓட்டையே இல்லாவிட்டாலும் ஆறோடு நிற்பதே சரி. துருப்பு 10 என்றால் 78 சதவீதத்துக்குக் குறையாது; துணிந்து கேட்கலாம். ஒரே ஒரு சீட்டு இந்த வித்தியாசத்தைச் செய்கிறது. ஈஸ்லி பிளாக்வுட் உருவாக்கிய, நாலு நோ-டிரம்ப் கேட்டுக் கூட்டாளியின் ஏஸ்களை எண்ணும் உத்தி பின்னாளில் துருப்பின் கிங், குயினையும் விசாரிக்கும்படி வளர்ந்தது இதனால்தான்.

இதுவரை பாடப்புத்தகக் கணக்கு. ஆட்டத்தில் கைகொடுப்பது அடுத்தது. மற்ற மேஜையில் நாலோடு நின்றுவிட்டார்கள் என்றால்? நீங்கள் ஆறு கேட்டு ஜெயித்தாலே 11 இம்ப் உங்களுக்கு. ஏழு பலித்தால் 14, கூடுதலாக வெறும் மூன்று. ஏழு தோற்றால் 11 வருவதற்குப் பதில் 11 போகும். 22 இம்ப் சறுக்கல். மூன்றுக்காக 22-ஐப் பணயம் வைக்க 88 சதவீத உறுதி வேண்டும்! அங்கே ஆறா நாலா என்பது சரிபாதி சந்தேகம் என்றால் 72. பட்டாசுத் திரியைப் போலக் கிராண்ட் ஸ்லாமும் பற்றினால் திரும்பாது என்பதால், என் கை எவ்வளவு பலம் என்பதைவிட அங்கே உட்கார்ந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்று யோசிப்பதுதான் என் பார்வையில் நல்ல ஆட்டக்காரரின் அடையாளம்.

எதிராளி நடுவில் புகுந்து ஏதாவது இனம் கேட்டிருந்தால் சதவீதங்களும் சரியும். அவரிடம் அந்த இனம் நீளம் என்றால் துருப்பு சமமாகப் பிரியும் வாய்ப்பு குறைகிறது.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்றது ஜோடிப் பிரிவில். அணிப் போட்டியின் இம்ப் கணக்கை அப்படியே இங்கே தூக்கி வர முடியாது. ஜோடிப் போட்டிகளில் வழக்கமாக எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பதில்லை, எத்தனை ஜோடியை முந்தினோம் என்றே பார்ப்பார்கள். எல்லோரும் ஆறில் நிற்பார்கள் என்று தெரிந்தால் ஏழுக்கு 50 சதவீதம் போதும்.