காமன் பொட்டல் யாருக்குச் சொந்தம்?

சின்ன வயதில் எனக்குத் தெரிந்த ஒரே அரங்கம், உடப்புசல்லாவையில் எங்கள் லயத்துக்குக் கீழே இருந்த காமன் பொட்டல்தான். மேடை இல்லை, திரை இல்லை, டிக்கெட் இல்லை. மாசி அமாவாசை கழிந்ததும் அங்கே காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டி விடிய விடியக் கூத்து நடக்கும். பனிக்குக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அம்மாவின் மடியில் தூங்கிவிடுவேன். தப்புச் சத்தம் ஏறும்போது விழிப்பேன்; மதன் எரிந்துகொண்டிருப்பான்.

கடந்த முறை ஊருக்குப் போனபோது பொட்டலில் பாதியைக் காணவில்லை. அந்த இடத்தில் லொறி நிறுத்த ஒரு கொட்டகை நின்றது. ஊரில் யாரிடமும் கேட்கவில்லையாம். தோட்டத்துக் காணிதானே, நாம் என்ன சொல்ல முடியும் என்பதே எல்லோருடைய பதிலாகவும் இருந்தது.

காமன் கூத்தை நாம் சடங்காகப் பார்க்கிறோம், கலையாகப் பார்க்கிறோம். அதை ஓர் அரங்கத்தை நடத்தும் முறையாகவும் பார்க்கலாம். செலவை வீட்டுக்கு வீடு பிரிக்கிறார்கள். கூத்து மாஸ்டர் பாட்டையும் ஆட்டத்தையும் பழக்குகிறார். பகலில் மலையில் வேலை செய்பவரே இரவில் ரதியாகவோ எமனாகவோ வருகிறார். கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளைகள் லீவு போட்டு வருகிறார்கள். வெளி அனுசரணை இல்லாமல் தலைமுறைகளாக இது நடந்திருக்கிறது. இந்த முறை நிற்பதற்குத் தேவை மூன்று: பழகிய ஆட்கள், சேரும் காசு, பறிபோகாத இடம்.

ஆட்கள் விஷயத்தில் ஓர் உண்மையையும் பேச வேண்டும். ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்புத்தான். சாவு வீட்டில் அடிக்க வேண்டிய கடமை ஒரு சாதியின் தலையில் சுமத்தப்பட்டது. ஆகவே ஓர் இளைஞன் தப்பைத் தொட மாட்டேன் என்றால், அவன் கலையை வெறுக்கிறான் என்று சொல்லிவிட முடியாது. விரும்பியவர் யாரும் பழகலாம், அடிப்பவருக்கு முறையான கூலி உண்டு என்றானால்தான் அந்த வாத்தியம் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

காசை எப்படியோ சேர்த்துவிடலாம். இடம்தான் சிக்கல். பெருந்தோட்டக் காணிகள் 1970களில் அரசுடைமையாகின. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. காணி நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. இதில் லயத்துக்கே உறுதி இல்லாதபோது பொட்டலுக்கு எங்கே உறுதி?

இது மலையகத்துக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. பிரிட்டனில் சிறிய இசை அரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, அவற்றுக்காகப் பேச 2014இல் மியூசிக் வெனியூ ட்ரஸ்ட் என்ற அமைப்பு உருவானது. கட்டடம் வேறொருவருக்குச் சொந்தமாக இருப்பதுதான் ஆபத்தின் வேர் என்று அது கண்டது. இரசிகர்களிடம் பங்குகளை விற்றுப் பணம் திரட்டி, 2023இல் அதர்டன் என்ற சிறிய ஊரிலுள்ள 'த ஸ்னக்' அரங்கின் கட்டடத்தை வாங்கினார்கள். இனி வாடகை ஏற்றி யாரும் அதை வெளியேற்ற முடியாது.

நம்மவரிடம் பங்கு வாங்கப் பணம் இல்லை. ஆனால் காணிப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டுதான் இருக்கிறது. தனி வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு எத்தனை பேர்ச் என்று கணக்குப் பார்க்கிறோம். 2023இல் மலையகம் 200ஐ முன்னிட்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோதும் காணி உரிமை முக்கிய கோரிக்கையாக இருந்தது. அந்தக் கோரிக்கையில் பொது இடங்களையும் சேர்க்க வேண்டும். காமன் பொட்டல், கோயில் முற்றம், மைதானம், மயானம் ஆகியவற்றை அளந்து, வரைபடத்தில் குறித்து, ஊர்ச் சபையொன்றின் பெயரில் எழுதித் தரக் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு மட்டும் உறுதி வாங்கினால் நாம் தனித்தனிக் குடும்பங்களாகக் குடியிருப்போம். ஊராகக் கூடுவதற்குப் பொட்டலும் வேண்டும். எங்கள் பொட்டலில் மிச்சம் இருக்கும் பாதியில் அடுத்த மாசிக்கும் கம்பம் ஊன்றுவதாகச் சொன்னார்கள். அந்தப் பாதியையாவது இப்போதே அளந்து வைப்போம்.