நீருக்கடியில் கலனைக் கழற்றி மாட்டல்

வயலை விட்டு லிங்கநகருக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடப் போவதென்றால், முதுகுக் கலனை நீருக்கடியில் கழற்றி மாட்டப் பழகினானா என்று முதலில் கேட்போம். பழக்காமல் இறக்கும் முதலாளியிடம் பிள்ளையை விடக் கூடாது.

1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிய சுவாமிமலைக் கடல் இதுவே. அறுந்த வலையில் கலன் சிக்கினால் கழற்றித்தான் விடுபடலாம்.

விதைநெல்லைத் தண்ணீரில் இட்டால் மணி தாழும், பதர் மிதக்கும். சுழியோடியும் அப்படியே: மூச்சை நிறைத்தால் எழும்புவான், விட்டால் தாழ்வான். ஈயம் இடுப்புப் பட்டியில் இருந்தால் உடல் கீழே நிற்கும். கலனோடு சேர்ந்த சட்டையில் இருந்தாலோ, கழற்றியதும் கலன் தாழும், உடல் மேலே இழுபடும். அப்போது கலனை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். (கலனுக்குள் இருப்பது வெறும் காற்று, ஒட்சிசன் என்பது தவறு.)

பழகுநர் ஒருவர் அருகிருக்க, ஆழங்குறைந்த மணல் தரையில் தொடங்கலாம். சட்டைக் காற்றை வெளியேற்றி, பட்டிகளைத் தளர்த்தி, இடது கையை முதலில் எடுக்க வேண்டும்; மூச்சுக் குழாய் வலத் தோளால் வருகிறது. வாய்க்குழாயை வாயிலிருந்து எடுக்கவே கூடாது. மூச்சை அடக்கவும் கூடாது: 10 மீற்றர் ஆழத்தில் இழுத்த காற்று மேலே வரும்போது இருமடங்காகி நுரையீரலைக் கிழிக்கும்.

மாட்டும்போது வலது கை முதலில். குழாய் பட்டிக்குள் அகப்படவில்லையா என்று தடவிப் பார்த்த பின்பே பட்டியை இறுக்கலாம்.