படகுக்கு ஏழு மடங்கு போதும்

பழவேற்காடு ஏரியின் பூநாரைகள் நம் வசதிக்காகக் கரையோரம் வந்து நிற்பதில்லை. எட்டத்தில், ஆழமில்லாத தண்ணீரில், வெறுங்கண்ணுக்கு வெளிறிய கோடாகத்தான் தெரியும். திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி ஆந்திரத்துக்குள் விரியும் இந்த உப்பங்கழி, சிலிகா ஏரிக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரியது. படகில் போவதானால் பைனாகுலர் வேண்டும். எது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

“20×50 இருக்கு சார், ரொம்ப தூரம் தெரியும்” என்பார் கடைக்காரர். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இருபது மடங்கு பெருகுவது பறவை மட்டுமா? கை நடுக்கமும் எஞ்சின் அதிர்வும் சேர்ந்தே பெருகும். பார்வைப் பரப்போ சுருங்கிவிடும். ஆடும் படகில் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்திருக்கும்.

கடலோடிகள் 7×50-ஐ விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. 50-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7. கண்வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கித் திருப்பினால் அந்த வட்டத்தை நீங்களே பார்க்கலாம். இருட்டில் கண்மணி அந்த அளவுக்கு விரியும் என்பதால் விடியலுக்கு முன்பும் படம் மங்காது. பகலில் கண்மணி 2, 3 மில்லிமீட்டர்தான். அப்படியானால் மீதி ஒளி வீணா? இல்லை. படகு ஆடும்போது கண் சற்று விலகினாலும் அந்த அகன்ற வட்டத்துக்குள்ளேயே இருக்கும், காட்சி அறுபடாது. 20×50-இல் வட்டம் வெறும் 2.5. கொஞ்சம் அசைந்தாலே கறுப்பு.

உள்ளே நைட்ரஜன் அடைத்து, நீர் புகாதபடி மூடியதாகப் பார்த்து வாங்குங்கள். ஈரக்காற்றில் உட்புறம் பனி படியாது. கடலுக்கென்றே வருபவை பலவற்றில் இரு கண்ணுக்கும் தனித்தனியே குவியம் திருப்ப வேண்டும். ஒருமுறை சரிசெய்தால் தொலைவில் உள்ளதெல்லாம் தெளிவு; கப்பல் பார்க்க நல்லது. பக்கத்துக் கழியில் உட்கார்ந்த மீன்கொத்தியைப் பார்க்க அது தொல்லை, நடுவில் திருகு உள்ளதே மேல்.

உப்புத்துளி பட்டால் துடைக்காதீர்கள். உப்பு வில்லையைக் கீறும். நீர்புகாத வகையென்றால் முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

7×50 ஏறக்குறைய ஒரு கிலோ கனக்கும். பகலில் மட்டும் பறவை பார்ப்பவருக்கு 8×42 போதும், கழுத்தும் வலிக்காது. கடலுக்குள் போகிறவருக்கு, விடியலில் கிளம்புகிறவருக்கு 7×50. படம் ஆடாமல் நிறுத்தும் மின்கருவி உள்ள வகை தவிர, பத்துக்கு மேல் எதையும் படகில் ஏற்றாதீர்கள். நல்ல பைனாகுலர் கையில் இருக்கும்போது, “இன்னும் கிட்டப் போங்கண்ணே” என்று படகுக்காரரை நச்சரிக்கவும் வேண்டாம்; கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும்.